லீவில் வந்தவள்

ஜனவரி 11

அண்ணா,

கடை முகவரிக்குத்தான் எழுதுகிறேன், பயப்படாதே. நீ சொன்னபடி ஆஸ்பத்திரி முத்திரை இல்லாத வெறும் கவர். நர்சம்மாவிடம் கேட்டு வாங்கும்போது சிரித்தார். "இங்கருந்து போற எல்லா லெட்டரும் வெறும் கவர்லதாம்மா போகுது" என்றார். போனில் பேசலாம்தான். ஆனால் வராந்தாவில் இருப்பது ஒரே போன். நான் பேசினால் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் உனக்குப் பதிலாக அவர்களே பதில் சொல்லிவிடுகிறார்கள்.

விஷயம் இதுதான். டாக்டர் என்னை வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார். அடுத்த மாதம். சொந்தக்காரர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகவேண்டுமாம். நீ வா.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கமாட்டாய். கேட்டால் சொல்லிவிடுவேனோ என்று பயம். நானே சொல்கிறேன். தூங்குகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இப்போது என்னைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினாலும் சாப்பாட்டில் உப்பில்லை என்றுதான் பேசுகிறார்கள், அது உண்மை. கை கொஞ்சம் நடுங்குகிறது, மாத்திரையால். உடம்பு பெருத்திருக்கிறது, அதுவும் மாத்திரையால். பல் லேபில் வேலை பார்த்த கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. கத்தி, அரம் எதையும் கையில் தரமாட்டார்கள் என்பதால் நகம் தேய்க்கிற அட்டையை வைத்துக்கொண்டு இங்கே இருக்கிற வயசானவர்களின் பல் செட்டைத் தேய்த்துக் கொடுக்கிறேன். ஈறு குத்துகிறது என்று அவர்கள் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. பைத்தியக்காரியின் பல்வலியும் பைத்தியம்தான் போல.

என் அறை அப்படியேதானே இருக்கிறது? எனக்கு வீட்டுக்கு வரவேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

உன் தங்கை


ஜனவரி 20

அன்புத் தங்கைக்கு,

இங்கு எல்லோரும் நலம்.

உன் கடிதத்தைக் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு படித்தேன். சந்தோஷமாக இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் எழுதப்போவதைப் படித்தால் நான் சந்தோஷப்பட்டதாக உனக்குத் தோன்றாது.

உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன அன்று, டாக்சியில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது மாடி டீச்சர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "எங்க, வெளியூருக்கா?" என்று கேட்டார். உனக்கு நினைவிருக்காது. அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வெளிநாட்டுக்கு. வேலை கிடைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டார். யோசித்துச் சொன்னது இல்லை, வாயில் வந்தது. டீச்சர் காதில் ஒன்று விழுந்தால் கட்டடம் முழுக்க விழுந்த மாதிரி, உனக்குத் தெரியும். ஆளாளுக்கு விசாரித்தார்கள். அம்மாவும் சளைக்காமல் பதில் சொன்னார். இப்போது நீ அங்கே ஒரு பெரிய பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாய். கூடத் தங்கியிருக்கிற பெண் நல்ல மாதிரி, ரொம்பச் சுத்தம். போன மாதம் சம்பளம் கூட்டியிருக்கிறார்கள்.

சிரிக்காதே. சரி, சிரி. ஆனால் கீழ்வீட்டு டைலரையும் நினைத்துப் பார். மகனுக்கு இந்த மாதிரி என்று வெளியே தெரிந்த பிறகு யார் அவரிடம் துணி கொடுத்தார்கள்? அந்தப் பிள்ளை லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் படியில் நடந்தார்கள். மூட்டுவலிக்காரர்கள்கூட நடந்தார்கள். நாமும் நடந்தோம். அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனபோது ஒருவரும் கீழே இறங்கி வரவில்லை. எனக்கு மூக்குக்கண்ணாடிக்கடை இருக்கிறது, முகம் பார்த்து நடக்கிற வியாபாரம். என் மகள் சின்னவள் இந்தக் கட்டடத்துப் பிள்ளைகளோடுதான் பள்ளிக்கூட வேனில் போகிறாள்.

அதனால் ஒரு யோசனை. நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன். அங்கிருந்து நேரே வீட்டுக்கு வராமல் ஏர்போர்ட்டுக்குப் போய், அங்கிருந்து டாக்சி பிடித்து வருவோம். ஏர்போர்ட் டாக்சிக்குத் தனி நிறம், பார்த்ததுமே தெரியும். உன் அண்ணி சோப்பு, சாக்லேட், சென்ட் எல்லாம் வாங்கி வைத்துவிட்டாள், அக்கம்பக்கத்தில் கொடுக்க. பெரிய பெட்டி ஒன்று இரவல் வாங்கியிருக்கிறேன்.

உன் அறையில் கடைக்கு வந்த ஃபிரேம் அட்டைப்பெட்டிகள் கொஞ்சம் இருக்கின்றன. எடுத்துவிடலாம்.

அண்ணன்


ஜனவரி 27

அண்ணா,

எந்த நாடு என்று எழுத மறந்துவிட்டாய்.

உன் கடிதத்தை வார்டில் பக்கத்துக் கட்டில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். அவரை அவர் வீட்டில் செத்துப்போனதாகவே சொல்லிவிட்டார்களாம். "உனக்காச்சும் வெளிநாடு குடுத்திருக்காங்க. குடுத்து வெச்சவ நீ" என்றார். டைலர் மகனை நினைத்துப் பார் என்கிறாய். நினைத்தேன். அவனுக்கு யாரும் ஒரு நாடு கொடுக்கவில்லை.

வருகிறேன். ஏர்போர்ட் வழியாகவே வருகிறேன். கப்பலில் வரச்சொன்னாலும் வருவேன், எனக்கு என் கட்டிலில் படுக்கவேண்டும். அங்கே குளிரா வெயிலா என்று மட்டும் அம்மாவிடம் கேட்டு எழுது, மற்றதை நான் பார்த்துக்கொள்வேன். இல்லாததை நம்புவதில் எனக்குப் போதுமான அனுபவம் இருக்கிறது.

உன் தங்கை


மார்ச் 17

தங்கைக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது கேவலம்தான். முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. இதை உன் மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன்.

நீ வந்த அன்றே டீச்சர் எத்தனை நாள் லீவு என்று கேட்டாராம். அம்மா ஒரு மாதம் என்று சொல்லியிருக்கிறார். லீவு முடிந்துவிட்டது. நேற்று லிஃப்டில் எல்லோரும் இருக்கும்போது என்னிடம், "இன்னும் கிளம்பலையா? வேலை கீல போயிடுச்சா?" என்றார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அறை பார்த்திருக்கிறேன். தற்காலிகமாகத்தான். வாடகையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

படித்ததும் கிழித்துப்போடு.


மார்ச் 29

அண்ணா,

நீ எழுதியதை நான் கிழிக்கவில்லை. இந்தக் கவரில் வைத்து அனுப்புகிறேன், நீயே கிழித்துக்கொள்.

அறை நன்றாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ஆறு. ஆற்றுக்கு அக்கரையில் நம் கட்டடத்துத் தண்ணீர்த்தொட்டி தெரிகிறது. இவ்வளவு கிட்டத்தில் இருக்கிற வெளிநாட்டுக்கு இதுவரை யாரும் போயிருக்கமாட்டார்கள்.

வீட்டில் இருந்த ஒரு மாதத்தைப் பற்றி நாம் பேசவே இல்லை. ஏர்போர்ட் டாக்சி வந்து நின்றதும் டீச்சர் கீழேயே இறங்கி வந்துவிட்டார். "அந்த ஊரு சாப்பாடு ஒத்துக்கிச்சு போல. நல்லா பூசினாப்ல இருக்கே" என்றார். அந்த மாத்திரைக்கு அப்படி ஒரு பாராட்டு கிடைத்து நான் பார்த்ததில்லை. சோப்பைக் கொடுக்கும்போது கை நடுங்கியது. "அங்க குளிரு ஜாஸ்தியோ?" என்றார். ஆமாம் என்றேன். அம்மா மாத்திரைகளை ஒரு வெளிநாட்டு வைட்டமின் டப்பாவுக்கு மாற்றி வைத்தார். எதிர்வீட்டு பாங்க்காரர் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை வரும்போது தன் மனைவிக்கும் ஒரு டப்பா வாங்கி வரமுடியுமா என்று கேட்டார். அந்த அம்மாவுக்கும் தூக்கம் வருவதில்லையாம். ஏறக்குறைய கொடுத்தேவிட்டிருப்பேன்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கட்டடத்தில் எனக்கு இத்தனை மரியாதை எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை. அப்புறம் "எப்ப வந்தே?" போய் "எப்பக் கிளம்பறே?" வந்தது. வீட்டுக்குள்ளே அது நான் வந்த முதல் நாளிலிருந்தே இருந்தது. அண்ணி சமையலறைக் கத்திகளைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். ஒரு வெங்காயம் நறுக்கப் பீரோவைத் திறந்து மூடுவார். அண்ணியைக் குறை சொல்லவில்லை. பயம் வந்தால் வந்ததுதான். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்ன செய்தது, எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று நம் வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. குளிரைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டார்கள்.

கிளம்பின அன்று அம்மா வாசலில் நின்று அழுதார். பக்கத்தில் நின்று டீச்சரும் அழுதார். டீச்சர் எதற்கு அழுதார் என்று எனக்குத் தெரியும். அம்மா எதற்கு அழுதார் என்று தெரியவில்லை.

உன் தங்கை


ஏப்ரல் 10

அன்புத் தங்கைக்கு,

இங்கு எல்லோரும் நலம். கிழித்துவிட்டேன்.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று எழுதவில்லை, ஆனால் அந்த அர்த்தத்தில்தான் எழுதியிருக்கிறாய். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு டாக்சியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான்தான். என்னை வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டு வழி நெடுக அடித்தாய், பிராண்டினாய். மறுநாள் கடையில் முகத்தைப் பார்த்துக் கேட்டவர்களிடம் பூனை என்றேன். நாம் பூனை வளர்ப்பதில்லை என்பது பாதிப் பேருக்குத் தெரியும். பொய் சொல்வது அம்மாவுக்கு வருகிற மாதிரி எனக்குச் சரளமாக வருவதில்லை. ஒவ்வொரு பொய்க்கும் எனக்கு வியர்க்கிறது. நீ ஆற்றங்கரையில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கிண்டல் செய்கிறாய். இங்கே லிஃப்டில் தினமும் பதில் சொல்கிறவன் நான்.

சனிக்கிழமைகளில் டீச்சர் காய்கறி வாங்கப் பாலம் தாண்டி வருகிறார். அந்தப் பக்கம் விலை குறைவு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு மட்டும் நீ வெளியே நடமாடாமல் இருந்தால் நல்லது.

வாரா வாரம் நீ போன் பண்ணுவதாக அம்மா எல்லோரிடமும் சொல்கிறார். நிஜமாகவே பண்ணேன். அந்தப் பொய்யாவது குறையும்.

அண்ணன்


மே 12

அண்ணா,

அம்மாவுக்குப் போன் பண்ணினேன். பக்கத்தில் யாரோ இருந்தார்கள் போலிருக்கிறது. "அங்க இப்ப மணி என்னம்மா?" என்று கேட்டார். உங்கள் மணிதான் என்று சொல்ல வந்து, சொல்லவில்லை.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. இந்தப் பக்கமே ஒரு பல் லேப். பழைய லேபுக்குப் போகமுடியாது, அங்கேயும் என்னை வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டீர்கள். புது முதலாளி, இத்தனை மாதம் எங்கே இருந்தாய் என்று கேட்டார். எனக்கு எந்த நாடும் சட்டென்று வாயில் வரவில்லை, நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு நான் செய்து காட்டிய பல் செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலை சுத்தமாத்தான் இருக்கு. ஆனா நெருப்பு வேணாம், கத்தி வேணாம். பாலிஷ் மட்டும் பண்ணுங்க" என்றார். மெழுகை உருக்கி அதில் பல்லைப் பதித்துச் சீவி எடுப்பதுதான் எங்கள் தொழில். பர்னர் இல்லாமல் என்னத்தைச் செய்வது? என் மேஜையில் இருந்த பர்னரைப் பக்கத்து மேஜைக்கு மாற்றினார்கள். நான் பாலிஷ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன வாரம் அவசர ஆர்டர்கள் வந்து குவிந்ததும் முதலாளியே பர்னரைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அவசரத்தில் யாருக்கும் பயம் இருப்பதில்லை.

இன்னொன்று. போன சனிக்கிழமை நீ சொன்னதை மறந்துவிட்டு ரொட்டி வாங்கப் போனேன். டீச்சர் எதிரே வந்துகொண்டிருந்தார். நின்றிருந்த பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்தேன். பஸ் கிளம்பிவிட்டது. ஓடிப்போய் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தேன். அங்கே கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். ரொட்டியை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, யாரோ துரத்துகிற மாதிரி ஒரு முகம். எனக்கு அந்த முகத்தைத் தெரியும். அண்ணா, யாரும் துரத்தாதபோது ஓடினேன் என்றுதான் எனக்கு மாத்திரை கொடுத்தார்கள். இப்போது சனிக்கிழமை தோறும் ஓடு என்று நீயே எழுதி அனுப்புகிறாய். டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது?

நான் யார் வீட்டிலும் திருடவில்லை. எனக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

உன் தங்கை


ஜூன் 13

அண்ணா,

நேற்று நான் சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். அம்மா தூங்குகிறார். கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மிச்சத்தை எழுதுகிறேன். நீ நாளை வெளியூரிலிருந்து வந்ததும் கடைக்குப் போனால் இது அங்கே இருக்கும்.

முந்தாநாள் நீ ஃபிரேம் கண்காட்சியிலிருந்து கூப்பிட்டாய். "அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க, இடுப்பு எலும்பு உடைஞ்சிருக்கு, டீச்சர்தான் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க" என்றாய். அண்ணியும் சின்னவளும் அண்ணியின் அம்மா வீட்டில் இருப்பதாகச் சொன்னாய். நான் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சொன்னாய், "இப்பவே போயிடாத. ஃப்ளைட்ல வர்றதுன்னா ரெண்டு நாளாவது ஆகும்ல? நாளன்னைக்குப் போ."

அதைச் சொல்லும்போது உன் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாய். நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயமாக இருந்தது.

உடனே கிளம்பினேன். லேப் கோட்டோடு, கையில் பிளாஸ்டர் மாவோடு பஸ் ஏறினேன். வார்டில் அம்மா வலியில் முனகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பெட்டி எங்கடி?"

பெட்டி இல்லை என்றேன். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த பெண் என்னைக் காட்டி, "யாரும்மா இது?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா கதவைப் பார்த்தார், என் கோட்டைப் பார்த்தார். "வீட்டு வேலைக்கு வர்ற பொண்ணு. என் மக வெளிநாட்டுல இருக்கா, ரெண்டு நாள்ல வந்துடுவா" என்றார்.

தண்ணீர் கொடுத்தேன், துணி மாற்றினேன், கால் அமுக்கினேன். "நல்லா பாத்துக்கறியேம்மா, எவ்வளவு குடுக்கறாங்க?" என்று அந்தப் பெண் கேட்டார். பரவாயில்லை, ஒழுங்காகக் கொடுக்கிறார்கள் என்றேன். என்ன செய்வது, கேட்டால் சொல்லவேண்டுமே.

மருந்து வாங்கக் கீழே போயிருந்த டீச்சர் அப்போதுதான் உள்ளே வந்தார். "அடடே! அதுக்குள்ள வந்துட்டியா? ஃப்ளைட் எப்பம்மா வந்துச்சு?" என்றார்.

பக்கத்துக் கட்டில் பெண் என்னையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பக்கம் நான் வேலைக்காரி, இன்னொரு பக்கம் வெளிநாட்டிலிருந்து பறந்து வந்தவள். ஒரே நாற்காலியில் இரண்டு பேரும் உட்காரமுடியாது. நீ இருந்திருந்தால் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லியிருப்பாய்.

"பஸ்ஸுல வந்தேன் டீச்சர்" என்றேன். "நான் வெளிநாட்டுக்கெல்லாம் போகல. மனசு சரியில்லாம ஆஸ்பத்திரியில இருந்தேன். இப்ப பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கேன். மாத்திரை சாப்பிடறேன், வேலைக்குப் போறேன். நான் இவங்க பொண்ணுதான்."

கடைசி வாக்கியம் பக்கத்துக் கட்டிலுக்கு.

டீச்சர் என் பக்கத்தில் வைத்திருந்த தன் கைப்பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப எனக்குக் குடுத்த சோப்பு?"

"கடைவீதியில வாங்கினது டீச்சர்."

மருந்தைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். இதைச் சொல்வதற்குள்தான் நேற்று நீ போனை வைத்தாய்.

உன் தங்கை


ஜூன் 21

தங்கைக்கு,

இன்றைக்கு ‘நலம்’ என்று எழுதமுடியாது.

நான் வார்டுக்குள் நுழைந்ததும் நீ எழுந்து போய்விட்டாய். என் முகத்தைப் பார்த்துத்தானே? நல்லது, இருந்திருந்தால் கத்தியிருப்பேன்.

அம்மாவுக்கு இடுப்பில் கம்பி வைத்தார்கள். நேற்று வீட்டுக்கு அழைத்து வந்தோம். வாசலில் அந்த சோப்பு இருந்தது. பாதி கரைந்தது, காகிதத்தில் சுற்றி, நம் வீட்டு மிதியடி மேல். டீச்சர் வந்து பேசவில்லை, சண்டையும் போடவில்லை.

லிஃப்டில் நான் ஏறினால் மற்றவர்களுக்கு உடனே வேறு வேலை நினைவுக்கு வருகிறது. வேனில் சின்னவள் பக்கத்து சீட் காலியாகவே போகிறதாம். கடையில் பழைய வாடிக்கையாளர் ஒருவர், "இது குடும்பத்துல வர்றதுங்களா?" என்று கேட்டார், ஏதோ பவர் கேட்பதுபோல. நான் எழுதிக்கொடுத்த பவரை இன்னொரு கடையில் சரிபார்த்துக்கொண்டு வந்து கண்ணாடிக்குச் சொல்கிறார்கள். பைத்தியம் உனக்கு, சந்தேகம் என் மேல். (முதல் வார்த்தையைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். வேறு தாளில் எழுதத் தெம்பில்லை.)

உனக்கு இப்போது நிம்மதியா? ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். ஒரு வருஷம் கட்டிக் காத்தது. உன்னைக் காக்கத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, சோப்பைத்தான் திருப்பிக் கொடுத்தார். யாரைக் காத்தேன் என்று எனக்கே இப்போது குழப்பமாக இருக்கிறது.

அம்மா யாரோடும் பேசுவதில்லை. அண்ணி ஊட்டினால் வாயை மூடிக்கொள்கிறார். ராத்திரியெல்லாம் உன் அறைக்கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறார்.

அண்ணன்


ஜூன் 25

அண்ணா,

அந்த வார்த்தையை ஒரே கோட்டில் அடித்திருந்தாய், நன்றாகப் படிக்கமுடிந்தது. பரவாயில்லை. நானும் என்னை அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தினமும் சொன்னால் தேய்ந்துவிடுகிறது.

நிம்மதியா என்று கேட்டாய். இல்லை. சின்னவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்று படித்ததும் அந்த வார்டுக்குத் திரும்பிப் போய் வாயைக் கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது. அழுதேன். ஆனால் மாத்திரைக்குப் பிறகு தூங்கிவிட்டேன். முன்பெல்லாம் சுவருக்குப் பின்னால் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துத் தூங்காமல் இருந்தேன். இப்போது நிஜமாகவே பேசுகிறார்கள், நான் தூங்குகிறேன். டாக்டர் கேட்டால் இதை முன்னேற்றம் என்பார்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நான் வருகிறேன், வேலைக்கு வருகிற பெண்ணாக இல்லை. லேப் வேலையை விடமாட்டேன், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். அண்ணி கத்தியை எங்கே வைத்துக்கொண்டாலும் சரி. நான் பயன்படுத்தும்போது கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸில் வருவேன், எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து. நீ பஸ் ஸ்டாப்புக்கு வந்து நிற்கவேண்டும். கட்டடம் வரைக்கும் என்னோடு நடந்து வரவேண்டும், லிஃப்டில் என்னோடு ஏறவேண்டும். தனியாக வர எனக்குத் தெரியும், அதற்காகக் கேட்கவில்லை. நீ அங்கே இல்லை என்றால் நான் இறங்கமாட்டேன். அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அதற்கப்புறம் கடிதமும் எழுதமாட்டேன்.

உன் தங்கை


ஜூன் 28

தங்கைக்கு,

நாளைக்கு ஞாயிறு. தபாலில் போட்டால் போய்ச் சேராது என்பதால் இதை நானே பாலம் தாண்டி வந்து, உன் அறைக்கு வெளியே படியில் உட்கார்ந்து எழுதி, கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. நீ உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது.

அண்ணியிடம் சொன்னேன். அட்டைப்பெட்டிகளைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.

இன்று காலை டீச்சர் வந்தார். அம்மாவைப் பார்க்க என்று வந்து வாசல்படிக்கு வெளியிலேயே நின்றார். உன் அறை திறந்து கிடப்பதையும் அண்ணி பெருக்குவதையும் பார்த்தார். உள்ளே பார்த்து, "என்ன, மறுபடி லீவா? இந்தத் தடவை எத்தனை நாளு?" என்று சத்தமாகக் கேட்டார். குத்தலாகத்தான் கேட்டார். எனக்கு வழக்கம்போல வியர்த்துவிட்டது. ஒரு வாரமாக வாயே திறக்காத அம்மா படுத்தபடியே சொன்னார்.

"லீவெல்லாம் இல்ல டீச்சர். இனிமே அவ போகமாட்டா."

உனக்கு என்ன வந்தது, எங்கே இருந்தாய் என்று அம்மா சொல்லவில்லை. சொல்லுவார் என்றும் தோன்றவில்லை. அவ்வளவுதான் சொன்னார். அதைச் சொல்லிவிட்டுச் சாப்பாடு கேட்டார்.

நாளைக்கு நான் வந்து நிற்பேன். தைரியமாக வருகிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பயந்துகொண்டேதான் நிற்பேன், நீ இறங்கு.

அண்ணன்